விற்பது, வாங்குவது, முகம் சுளிப்பது: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மழைத்துளி எழுதியது:

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தபோது வயது 31. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். குத்திக் குத்தி இடக்கை நரம்பு கயிறு மாதிரி புடைத்துவிட்டது. என் ரத்த வகை அவனுக்குச் சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய், அவரிடம் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒருநாள் டயாலிசிஸ் அறை வாசலில் யாரோ ஒருவர் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆள் இருக்காங்கம்மா. பேப்பர் எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து போகச் சொல்லிக் கத்திவிட்டேன். அவர் போன பிறகு அம்மா குனிந்த தலை நிமிராமல் கேட்டார்: "எவ்வளவுன்னு கேட்டியாடி?"

அந்தக் கேள்விக்காக இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. இன்று அதை நினைத்தால் எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது. அந்தத் தரகர் கூட்டி வரவிருந்த மனிதர் யார், அவருக்கு என்ன கடன், அவர் கையில் எவ்வளவு போய்ச் சேரும், அறுவைக்குப் பிறகு அவரை யார் பார்ப்பார்கள், இதில் ஒன்றையும் நான் யோசித்துக் கத்தவில்லை. அருவருப்பாக இருந்தது, கத்தினேன். அம்மா மகன் பிழைப்பானா என்று மட்டும் யோசித்தார்.

கடைசியில் வேறு வழி கிடைத்தது. எங்களைப் போலவே ரத்த வகை சேராத ஒரு தம்பதி. அந்த மனைவியின் சிறுநீரகம் என் தம்பிக்கு, என்னுடையது அவர் கணவருக்கு. நான்கு அறுவைகளும் ஒரே நாள், ஒரே நேரம். ஏன் அப்படி என்று மருத்துவரிடம் கேட்டேன். முதலில் ஒருவர் கொடுத்து, அடுத்தவர் மனம் மாறிவிட்டால் அவரைக் கட்டாயப்படுத்த எந்த வழியும் இல்லை என்றார். உறவுக்காரர்கள் அத்தனை பேரும் என்னைத் தெய்வம் என்றார்கள். நான் ஒன்று கொடுத்து ஒன்று வாங்கியிருக்கிறேன்! பண்டமாற்றுதானே அது? நடுவில் பணம் இல்லாததால் யாருக்கும் கூசவில்லை.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் 1984 சட்டம் உறுப்புக்குக் கைமாறாக மதிப்புள்ள எதையும் வாங்கக் கூடாது என்கிறது. சிறுநீரகத்துக்குச் சிறுநீரகம் என்றால் அதுவும் கைமாறுதானா என்ற சந்தேகத்தைத் தீர்க்க 2007இல் அதைத் திருத்த வேண்டியிருந்தது. இந்த மாற்றுமுறையை வகுத்தவர்களில் ஒருவர் ஆல்வின் ராத், 2012இல் பொருளாதாரத்துக்கு நோபல் பெற்றவர். கொடுப்பவரும் வாங்குபவரும் சம்மதித்தாலும் மற்றவர்கள் கூடாது என்று தடுக்கும் பரிமாற்றங்களைப் பற்றி அவர் 2007இல் எழுதிய கட்டுரையை மூன்று முறை வாசித்தேன். வட்டிக்குக் கடன் கொடுப்பதும் ஒரு காலத்தில் இப்படித்தான் வெறுக்கப்பட்டதாம். ஈரானில் 1988 முதல் பணம் கொடுத்துச் சிறுநீரகம் பெறுவது சட்டத்துக்கு உட்பட்டதே.

விற்கலாம் என்று வாதாட வரவில்லை. வறுமைதான் அங்கே விற்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் முகம் சுளித்தவர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார், டயாலிசிஸ் கட்டிலில் கிடப்பவன் அங்கேயே கிடக்கிறான். இது என்னை விட்டுப் போகவில்லை.

நெடுவழி எழுதியது:

தோழி, உங்கள் அம்மா கேட்டது என் மனதைப் பிசைந்துவிட்டது. நான் 22 வருடமாக ஆயுள் காப்பீட்டு முகவர். ஆரம்பத்தில் ஒரு வீட்டில் அந்த அம்மா, "அவர் சாவுக்கு விலை போட வந்தீங்களா?" என்று கதவைச் சாத்தினார். கணவர் அவருக்குத் தெரியாமல் பாலிசி எடுத்தார். ஆறு வருடத்தில் போய்விட்டார். காசோலையைக் கொண்டு போனேன். வாங்கி அலமாரியில் வைத்தவர் மூன்று மாதம் அதைத் தொடவில்லை. பிறகு பிள்ளைகள் படிப்புக்கு மட்டும் எடுத்தார், தனக்கென்று ஒரு காசு எடுக்கவில்லை. பிரான்சில் 1681இல் மனித உயிருக்குக் காப்பீடு செய்வதையே தடை செய்திருந்தார்கள். அந்த அம்மாவின் கோபம் பழைய கோபம். தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிறுபொறி எழுதியது:

நான் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவன். ஒரு புயலில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. டீசலுக்கு வெகுதூரம் போய், கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். வாடகையை இரண்டு மடங்காக்கினேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஒன்றும் பேசாமல் பணத்தை எண்ணி வைத்தார். அதன் பிறகு என்னோடு பேசவே இல்லை.

1986இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பனி பெய்த மறுநாள் காலை 15 டாலர் மண்வாரியை 20 டாலருக்கு விற்ற கடைக்காரரைப் பற்றி மக்களிடம் கேட்டார்கள். 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். அண்ணனும் அந்த 82இல் ஒருவர்.

அடுத்த புயலில் பழைய வாடகைதான். ஒரு மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்தது. ஒரே வீட்டுக்காரர் மூன்று எடுத்துப் போயிருந்தார். இருட்டிய பிறகு ஒரு பெண் ஓடி வந்தாள், அப்பா ஆக்சிஜன் மெஷினில் இருக்கிறார் என்று. கையில் ஒன்றும் இல்லை. அந்த மூன்று எடுத்தவர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டு ஒன்றைப் பிடுங்கி வந்தேன். இப்போது நோயாளி இருக்கும் வீடுகளின் பட்டியல் வைத்திருக்கிறேன், வாடகை மாறாது, அவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. டீசல் நஷ்டம் என்னுடையது.

மழைத்துளி எழுதியது:

சிறுபொறி அண்ணா, அந்தப் பட்டியல் வைத்தீர்களே, அதற்கு நன்றி.

1993இல் சுவிட்சர்லாந்தின் வொல்ஃபென்ஷீசன் என்ற சிற்றூர் மக்களிடம் அணுக்கழிவுக் கிடங்கை ஏற்பீர்களா என்று கேட்டபோது 50.8 சதவீதம் பேர் சரி என்றார்கள். ஆண்டுதோறும் ஈட்டுத்தொகை தருவோம் என்றதும் அது 24.6 ஆகக் குறைந்தது. இதை வாசித்தபோது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மருத்துவமனையிலிருந்து கிளம்பும் நாளில், என் சிறுநீரகத்தைப் பெற்ற அந்தக் கணவர் என்னிடம் ஒரு கவரை நீட்டினார். "வேலைக்குப் போக முடியலையே தங்கச்சி, சம்பளத்துக்கு" என்றார். ஆறு வாரச் சம்பளம் போயிருந்தது, எனக்குத் தேவையான பணம்தான். கை நீளவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் அந்தக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.