முதுமைக்கேற்ப வீட்டைத் திருத்தும்போது ஓவியங்களையும் கூத்து முடிகளையும் எங்கே வைப்பது?

கேள்வி: கல்லடிவாசி

வணக்கம். மட்டக்களப்பின் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலத்தில் எங்கள் மாடிவீடு இருக்கிறது. மனைவிக்கு முழங்கால் வலி கூடிவிட்டதால் மேல்மாடியை விட்டுக் கீழ்த்தளத்திலேயே குடியிருக்கத் தீர்மானித்து, மாரிக்கு முன்னர் திருத்த வேலைகளை முடிக்க எண்ணியுள்ளோம். பிள்ளைகள் வெளிநாட்டில். கடைசிவரை இந்த வீட்டிலேயே வாழ வேண்டும் என்பது எங்கள் இருவரின் விருப்பம்.

கண்காட்சிகளில் வாங்கிய நீர்வண்ண ஓவியங்களும், கண்ணாடித் துண்டுகள் பதித்த வடமோடிக் கூத்து முடிகளும் (நம் பகுதி நாட்டுக்கூத்தில் அணியும் கிரீடங்கள்), மாமனார் அணிந்தாடிய மரப் புஜகீர்த்திகளும் (தோளணிகள்) எங்களிடம் உள்ளன. மண்டபத்திலிருந்து படுக்கையறைக்குச் செல்லும் நடையின் நீண்ட சுவரே அவற்றுக்கு உகந்ததாகத் தெரிகிறது. ஆனால் அதே சுவரில்தான் கைபிடி வர வேண்டும் என்கிறார் மேசன். எதை விடுவது?

மறுமொழி: வீட்டுப் படவரைஞர், களுவாஞ்சிகுடி

இரண்டையும் வைக்கலாம் ஐயா. கைபிடி தரையிலிருந்து 85 முதல் 90 சென்ரிமீற்றர் உயரத்தில் வரும். அதற்கு மேல் ஒரு சாண் விட்டுச் சட்டகங்களை மாட்டுங்கள். நிற்பவர் கண்ணுக்கு ஓவியத்தின் நடுப்பகுதி 145 முதல் 150 சென்ரிமீற்றரில் இருப்பது வழக்கம் என்றாலும், நாளை சக்கர நாற்காலியில் இருந்தபடி பார்க்க நேர்ந்தால் அது எட்டாத உயரமாகிவிடும் என்பதால், சிறிய படங்களை 125 அளவுக்கு இறக்கிவிடலாம். சுவர் பொள்ளல் கல்லாக (உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துக் கல்) இருந்தால், கைபிடி பூட்டும் இடங்களைக் கொங்கிறீற்றால் நிரப்பிய பின்னரே துளையிடச் சொல்லுங்கள். சாந்தை மட்டும் பிடித்திருக்கும் ஆணி, சாய்ந்து விழும் ஒருவரைத் தாங்காது.

வாசலையும் இப்போதே யோசியுங்கள். வெள்ளத்துக்கு அஞ்சி நம் பகுதியில் அத்திவாரத்தை உயர்த்திக் கட்டுகிறோம். சாய்தளமோ ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் கேட்கும். இரண்டடி உயரமென்றால் 24 அடி வேண்டும், இடையில் திருப்பமும் தேவைப்படும். மலசலகூடக் கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும்: உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால், உட்புறம் திறக்கும் கதவைத் தள்ளித் திறக்க முடியாது.

மறுமொழி: ஓவிய ஆசிரியை, மட்டக்களப்பு

உயரத்தைவிட வெளிச்சமே எனக்குப் பெரிய கவலையாகப் படுகிறது. வயது ஏற ஏறக் கண்ணுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். நீர்வண்ணமோ வெளிச்சத்தால் வெளிறுவது. அருங்காட்சியகங்களில் அதற்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவே கொடுப்பார்கள். அந்த மங்கலில் தங்கள் மனைவியார் நடந்தால் கால் தடுக்கும்.

வழி இருக்கிறது. ஓவியத்துக்கு வரும் கேடு வெளிச்சத்தின் அளவோடு நேரத்தையும் பெருக்கி வருவது. 50 லக்ஸில் எட்டு மணி நேரம் விளக்கு எரிந்தால் பெருக்கம் 400. 150 லக்ஸில் இரண்டு மணி நேரம் எரிந்தால் 300 மட்டுமே. ஆகவே படங்களுக்குத் தனி சுவிட்ச் வைத்து, பார்க்கும் நேரத்தில் மட்டும் நன்றாக வெளிச்சம் போட்டு இரசியுங்கள். நடப்பதற்கான எல்ஈடி விளக்குகளைச் சுவரின் அடியில், தரையை மட்டும் காட்டும்படி வேறாகப் பூட்டுங்கள். இரவில் எழும்பும்போது கண்ணும் கூசாது. பெரிய சட்டகங்களுக்குக் கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகடு போட்டால் பாரம் குறையும், விழுந்தாலும் தரையெங்கும் கண்ணாடிச் சில்லு சிதறாது.

கேள்வியாளர்

இருவருக்கும் மிக்க நன்றி. சொல்ல மறந்த ஒன்று: அந்த நீண்ட சுவரின் மறுபுறம்தான் குளியலறை வரப்போகிறது. எதிர்ச் சுவரில் இரண்டு கதவுகள் உள்ளன.

மறுமொழி: அக்கரைப்பற்று அன்பர்

அப்படியானால் ஓவியங்களை அந்தச் சுவருக்குக் கொண்டுபோகவே வேண்டாம் ஐயா. தண்ணீர்க் குழாய் ஓடும் சுவர் மாரியில் உலராது. கழுவாத கடல்மணலில் பூசிய சுவரென்றால் உப்பும் பூக்கும். கைபிடியை அங்கே தடையின்றி நீளமாக ஓடவிட்டு, எதிர்ச் சுவரில் கதவுகளுக்கு இடையே சிறிய படங்களை மாட்டலாம். சட்டகத்தின் பின் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று ஓடும்.

கூத்து முடிகளுக்கு மண்டபத்தின் உட்சுவரில், இருந்து பார்க்கும் உயரத்தில், கதவிட்ட அலுமாரி செய்வியுங்கள். தரையில் தாங்கி நிறுத்தி வைத்தால் ஊன்றுகோல் இடறும், கறையானும் ஏறும். அந்த அறையில் ஏசியை இரவில் போட்டுப் பகலில் நிறுத்துவதைத் தவிருங்கள். ஈரப்பதன் ஏறி இறங்க மரம் விரிந்து சுருங்கி வண்ணம் உரியும். புஜகீர்த்திகளில் பழைய வண்ணம் ஏற்கெனவே உரிந்திருந்தால் வார்னிஷ் பூசிவிடாமல், கல்லடியிலேயே இருக்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காட்டிக் கேளுங்கள்.