பாதி நொறுங்கிய மட்டி

பணகுடிக்காரி:
போன வைகாசி விசாகம். உவரி கோயிலில் நேர்ச்சைக்குக் கடல்மண் சுமந்தோம். ஓலைப்பெட்டியைத் தட்டியபோது மண்ணோடு ஒரு மட்டி, அதான் சிப்பி ஓடு, விழுந்தது. எடுத்தேன், அப்பளம் மாதிரி விரலிலேயே பாதி நொறுங்கிவிட்டது. பத்தாவது படிக்கிற மகன், "கடல் ஆசிட்டா மாறுதுல்லாம்மா, அதான்" என்றான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். சின்ன வயதில் இதே கரையில் பொறுக்கிய மட்டியால் சுவரில் கோடு கிழித்திருக்கிறோம். அந்த 'நொறுக்' இன்னும் விரலில் இருக்கிறது. யாருக்காவது இப்படி நடந்ததா?

சங்குகுளி மகன்:
தங்கச்சி, கரையில் கிடப்பது செத்த ஓடு. வெயிலும் அலையும் மணலும் வருசக்கணக்கில் அரைத்தால் நொறுங்கத்தான் செய்யும். எடுத்ததற்கெல்லாம் ஆசிட்டா? வட்டமாக ஒரு துளை இருக்கிறதா பாருங்கள். மட்டி தின்கிற நத்தை அப்படித்தான் துளைபோட்டுச் சதையைத் தின்னும்.

எங்கள் அப்பா சங்கு குளித்தவர். ஒருநாள் கொண்டுவந்த சங்கில் பழுப்புத் தோல் உரிந்து, முனை முழுக்க ஊசி குத்தியதுபோல் இருந்தது. வியாபாரி நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டி, "பூச்சி அரிச்சது" என்று ஒதுக்கினார். அப்பா ஒன்றும் பேசாமல் அதைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டார். ஆசிட் பேச்சு வருமுன்னே நடந்தது இது.

பேட்டை டீச்சர்:
அண்ணாச்சி சொல்வது பாதி சரி. என் கதை வேறு. அம்மாவின் பன்னாங்குழிச் சோழிகளை அழுக்குப் போக எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டேன். நுரை பொங்கியது. காலையில் பளபளப்புப் போய்ச் சுண்ணாம்புக் கட்டியாகக் கிடந்தன. அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.

கடல் எலுமிச்சைச் சாறாகிவிடவில்லை, சரி. பிஎச் என்பது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7-க்கு மேல் காரம். தொழிற்புரட்சிக்கு முன் கடலின் மேல்தண்ணீரில் அது சுமார் 8.2, இப்போது 8.1. இன்னும் காரம்தான். ஆனால் அது மடக்கைக் கணக்கு (ஒன்று இறங்கினால் பத்து மடங்கு), 0.1 இறங்கினாலே அமிலத்தன்மை தருகிற ஹைட்ரஜன் அயனி 26 சதவீதம் போலக் கூடிவிடும். நாம் விடும் கரியமில வாயுவில் கால்வாசியைக் கடல் வாங்கிக்கொள்வதால் வந்தது. அந்த ஹைட்ரஜன், ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் அடி வாங்குவது குஞ்சுகள். சிப்பிக் குஞ்சு பிறந்த இரண்டு நாளுக்குள், முட்டையில் இருந்த சத்தை வைத்தே முதல் ஓடு கட்டியாக வேண்டும். கார்பனேட் குறைந்தால் சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்துபோகும். அமெரிக்காவின் ஓரிகன் கரையில் 2007 வாக்கில் பொரிப்பகத்துக் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தது இப்படித்தான். கரியமில வாயு மிகுந்த ஆழத்துத் தண்ணீர் மேலே வந்த நேரம். அந்தச் சாவு கரையில் ஒதுங்காது அண்ணாச்சி, ஒதுங்க ஓடே இருக்காது.

அப்புறம், பூஜைச் சங்கு வைத்திருப்பவர்கள் விளக்கு தேய்க்கிற புளியை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வினிகரும் வேண்டாம். வெறும் தண்ணீர், பழைய பல் பிரஷ் போதும். துணியால் துடைத்து நிழலில் வையுங்கள்.

சங்குகுளி மகன்:
டீச்சர், சங்கு கழுவ யார் கேட்டார்கள்? குஞ்சு விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன்.

பணகுடிக்காரி:
மிச்சமிருந்த பாதி மட்டியை எடுத்துப் பார்த்தேன். வட்டமாகத் துளை இருக்கத்தான் செய்கிறது அண்ணாச்சி. மகன் அதில் நூல் கோத்து ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறான்.