சாம்பல் நீர் வேண்டாம், விளாவுநீர் என்போம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் 'வாட்டர் ஃபுட்பிரின்ட்' என்பதற்கு நீர்த்தடம் என்ற சொல்லில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை என்பது இந்த வாரக் கடிதங்களிலேயே தெரிந்துவிட்டது. நீர்ச்சுவடு என்று எழுதியவர்களும் தடத்துக்கு இறங்கி வந்துவிட்டார்கள். நல்லது. தடம் என்றால் காலடிப் பதிவு, போகும் வழி. பழந்தமிழில் குளத்துக்கும் அது பெயர். இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் அமையாது. நீர்த்தடக் கணக்கில் தண்ணீரைப் பிரிக்கிற, எல்லோரும் ஒரே வரியில் தாண்டிப்போன மூன்று நிறங்களைப் பற்றித்தான் இன்று எழுத நினைத்தேன்: நீலநீர், பச்சைநீர், சாம்பல்நீர்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஒரு பொருளை விளைவிக்கவோ செய்யவோ செலவாகும் தண்ணீர் அந்தப் பொருளோடு கண்ணுக்குத் தெரியாமல் பயணம் செய்கிறது என்றவர் பிரிட்டனின் புவியியலாளர் டோனி ஆலன். அதை மறைநீர் என்று தமிழில் எழுதிப் பழகிவிட்டோம். அதை அளந்து கணக்குப் போடும் முறையாக நீர்த்தடத்தை 2002-ல் முன்வைத்தவர் நெதர்லாந்தின் நீர் ஆய்வாளர் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா. ஆறு, குளம், கிணற்றிலிருந்து எடுத்துத் திரும்பி வராமல் போனது நீலம். மழை பெய்து மண்ணில் தங்கிப் பயிர் உறிஞ்சியது பச்சை. நாம் விட்ட அழுக்கைக் கேடில்லாத அளவுக்கு நீர்த்துப்போகச் செய்ய எவ்வளவு தண்ணீர் வேண்டுமோ அது சாம்பல். 1996 முதல் 2005 வரை உலகப் பயிர்களுக்கு இந்த முறையில் போட்ட கணக்கில் பச்சை 78 விழுக்காடு, நீலம் 12, சாம்பல் 10.

ஆங்கிலத்தில் இந்த நிறங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தமிழில் அவை வேறு எங்கோ கொண்டுபோய் விடுகின்றன. பச்சைத் தண்ணீர் என்றால் நமக்குக் காய்ச்சாத தண்ணீர். "பச்சைத் தண்ணி பல்லுல படல" என்று விரதம் இருப்பவர்கள் சொல்வார்களே, அந்தத் தண்ணீர். பாடப்புத்தகத்தில் "நெல்லின் பச்சை நீர்த்தடம்" என்று படிக்கும் பிள்ளை எதை நினைத்துக்கொள்ளும்? இதற்கு மண்ணீரம் என்று முன்பே ஒருவர் எழுதியிருந்தார். மண்ணீரலோடு குழம்பும் என்று இன்னொருவர் தயங்கினார். குழம்பாது என்பது என் எண்ணம். "ஈரம் காயறதுக்குள்ள விதைச்சிடணும்" என்று சொல்கிற மானாவாரி விவசாயிக்கு அந்தச் சொல் உடனே பிடிபடும்.

சாம்பல்தான் உண்மையான சிக்கல். குளியல், துவையல், பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும் நாம் சாம்பல் நீர் என்றே எழுதுகிறோம். மறுசுழற்சி பற்றிய துண்டறிக்கைகளில் அது நிலைத்தும் விட்டது. அந்தச் சாம்பல் நீர் குழாயில் ஓடுகிற, வாளியில் பிடிக்க முடிகிற தண்ணீர். நீர்த்தடத்தின் சாம்பல் நீரை எங்கும் பிடிக்க முடியாது, ஏனென்றால் அது ஒரு தேவையின் அளவு. ஒரே அறிக்கையின் 14-ஆம் பக்கத்தில் ஒரு சாம்பல் நீர், 31-ஆம் பக்கத்தில் வேறொரு சாம்பல் நீர் என்று நானே மொழிபெயர்த்து வைத்திருந்தேன்.

அது எனக்கு உறைத்தது நொய்யல் கரையில். ஒரு நீர் மதிப்பீட்டு அறிக்கையின் தமிழ் வரைவை ஊர்க்காரர்களுக்கு வாசித்துக் காட்டப் போயிருந்தேன். நொய்யலின் கதை பலருக்கும் தெரியும். பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாகி, அந்தத் தண்ணீர் வயலுக்கு ஆகாமல் போனது. 2011 தொடக்கத்தில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து "சாம்பல் நீர்த்தடம்" என்று வாசித்தேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் நிறுத்தினார். "சாம்பத் தண்ணின்னா எதுங்க? எங்க ஆத்துல சிவப்பா வந்திருக்குது, ஊதாவா வந்திருக்குது. சாம்பலா வந்து நான் பாத்ததில்லீங்களே."

அறிக்கையை மூடி வைத்துவிட்டு வாயால் விளக்கினேன். ஒரு கிலோ உப்பு ஆற்றில் கலக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துணியில் சாயம் பிடிக்க உப்பு போடுவார்கள் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில், கரைந்த உப்புகளும் மற்றவையும் சேர்ந்து லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம். ஆற்றில் இயல்பாகவே 300 இருந்தால் மிச்ச இடம் 200. ஒரு கிலோ என்பது பத்து லட்சம் மில்லிகிராம். அதை 200-ஆல் வகுத்தால் 5,000 லிட்டர். அந்த ஒரு கிலோவைத் தாங்க அவ்வளவு ஆறு வேண்டும்.

அப்போது திண்ணையில் இருந்த ஒரு அம்மா, "அட, சுடுதண்ணிக்கு விளாவுற கணக்குங்களா?" என்றார்.

அவ்வளவுதான். நான் இரண்டு பக்கம் எழுதியும் சொல்ல முடியாததை அவர் ஒரு வினைச்சொல்லில் சொல்லிவிட்டார். கொதிக்கக் கொதிக்க இறக்கிய தவலையிலிருந்து ஒரு செம்பு மொண்டு வாளியில் ஊற்றி, பச்சைத் தண்ணீரைச் சேர்த்து, கையை விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சேர்த்து, குழந்தையின் உடம்பு தாங்கும் சூட்டுக்குக் கொண்டுவருவது விளாவுதல். பேரகராதியிலும் இந்தச் சொல் இந்தப் பொருளில் இருக்கிறது. தாங்கும் அளவு என்று ஒன்று, அதை எட்டும் வரை சேர்க்க வேண்டிய தண்ணீர் என்று ஒன்று. இரண்டும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. கணக்கில் இருப்பதும் இவை இரண்டும்தான்.

எனவே என் பரிந்துரை: விளாவுநீர். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. விளாவிய நீர், விளாவுகிற நீர், விளாவும் நீர் என்று முக்காலமும் அடங்கும். இந்தக் கருத்துக்கு அது மிகவும் அவசியம், ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் அந்தத் தண்ணீரை யாரும் இன்னும் விளாவவில்லை, விளாவப்போவதுமில்லை.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு மற்ற விதிகளையும் விளக்கிப் பார்த்தேன். அதே உப்புக் கணக்கில், மேலே உள்ள ஊர்கள் கழிவு விட்டு ஆற்றில் ஏற்கெனவே 450 ஆகிவிட்டது என்றால் மிச்ச இடம் 50, தேவை 20,000 லிட்டராக ஏறும். 500-ஐத் தொட்டுவிட்டால் வகுக்க எதுவும் இல்லை. கொதிநீரைக் கொதிநீர் ஊற்றி விளாவ முடியாது என்றால் போதும், சூத்திரம் தெரியாதவருக்கும் அது புரிகிறது. ஒரே கழிவில் உப்பும் நைட்ரேட்டும் இருந்தால் இரண்டுக்கும் கணக்கிட்டுக் கூட்டுவதில்லை, பெரியதை மட்டும் எடுக்கிறோம். சேர்த்த தண்ணீர் இரண்டையும் ஒருசேர நீர்க்கச் செய்துவிடுமே.

விவசாயத்துக்கும் ஒரு கணக்கு. ஒரு ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து இட்டு, அதில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்கோ ஓடைக்கோ போகிறது என்று கொள்வது வழக்கம். ஏற்கும் அளவு லிட்டருக்கு 10 மில்லிகிராம், இயல்பளவு பூஜ்யம் என்றால் விளாவுநீர் பத்து லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 83 நடை. வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீர் இதில் சேரவே இல்லை.

இந்தச் சொல்லைச் சிலரிடம் முன்பே சொல்லியிருந்தேன். இனி, அவர்களிடமிருந்து வந்த மறுப்புகள்.

விளாவுதல் வெந்நீருக்கு மட்டும் உரியது, வேதிப்பொருளுக்கு நீட்டக் கூடாது என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். நீட்டலாம் என்றே நினைக்கிறேன். வெப்பமும் நீர்த்தடத்தில் ஒரு மாசுதான். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையங்களின் சுடுநீர் கலப்பது நாம் அறிந்ததே. ஆற்றுநீரின் வெப்பம் 3 பாகைக்கு மேல் உயரக் கூடாது என்று வைத்தால், 9 பாகை கூடுதல் சூட்டோடு வெளியேறும் நீருக்குச் சூத்திரப்படி அதன் மூன்று மடங்கு கணக்காகும். அங்கே விளாவுநீர் உவமைகூட இல்லை, நேர்ப்பொருள். நீர்த்தல் என்ற பாடநூல் சொல்லிலிருந்து நீர்ப்புநீர் என்று ஆக்கலாம் என்றும் அவரே சொன்னார். இலக்கணம் சரி, ஆனால் வாய்விட்டு மூன்று முறை சொல்லிப் பாருங்கள் ஐயா.

என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது அடுத்த மறுப்பு. "விளாவினால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தை இந்தச் சொல் கொடுத்துவிடாதா? கழிவில் தண்ணீரை ஊற்றி அளவைக் குறைத்துக் காட்டும் பழக்கத்துக்கு நாமே பெயர் சூட்டுவதாக ஆகாதா?" நியாயமான பயம். ஆற்றில் விட்ட உப்பு விளாவியதால் குறைவதில்லை, கடைமடை வரை போகிறது. ஆனாலும் சாம்பல் என்ற சொல் அந்தத் தவறைத் தடுக்கவில்லை, மறைத்து வைக்கிறது. அதனால் சொல்லை விடாமல் ஒரு திருத்தம் செய்கிறேன்: எண்ணைத் தரும்போதெல்லாம் "விளாவுநீர்த் தேவை இவ்வளவு" என்று எழுதுவோம். தேவை என்றதும் அது தீர்ந்ததா என்ற கேள்வி தானாக வரும். அந்த ஆற்றில் உண்மையில் ஓடும் நீரையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். தேவை ஓட்டத்தை மிஞ்சினால் ஆறு தாங்கவில்லை என்று பொருள்.

நிறங்களைக் கைவிட்டால் வரைபடங்கள் என்னாவது என்று கேட்ட நண்பருக்கு: வரைபடத்தில் சாம்பல் நிறத்தையே பூசுங்கள், பக்கத்தில் விளாவுநீர் என்று எழுதுங்கள். நீலநீர் தமிழில் எதனோடும் மோதவில்லை, இருக்கட்டும். வீட்டுச் சாம்பல் நீருக்குப் புழங்கிய நீர் என்பது என் விருப்பம். கழுவுநீர் என்றால் தட்டச்சில் ஒரு எழுத்து மாறிக் கழிவுநீர் ஆகிவிடுகிறது, எனக்கே ஆகியிருக்கிறது.

நீர்த்தடத்துக்கென்று 2014-ல் வந்த பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 14046 விளாவுநீரைக் கூட்டுவதில்லை, மாசின் விளைவுகளைத் தனித்தனியாகவே மதிப்பிடுகிறது. அதன் சொற்களுக்குத் தனி இழை தொடங்குவோம். இங்கே கலந்தால் இரண்டும் கெடும்.

அறிக்கையின் தமிழ் வரைவு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் சொல் முதலில் வரும் இடத்தில் இந்த விளக்கத்தோடு சேர்த்துவிடுகிறேன்:

விளாவுநீர்: நீரில் கலந்த மாசை, அந்த நீர்நிலை தாங்கும் அளவுக்குக் கொண்டுவரச் சேர்க்க வேண்டிய நீர். சேர்த்த நீர் என்று கொள்ளற்க.