வெயிலில் ஏற்காடு ஏறினால் நாடித்துடிப்பு எகிறுகிறது, பயிற்சி குறைந்துவிட்டதா?

அஸ்தம்பட்டி சைக்கிள்:
வணக்கம் நண்பர்களே. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு சைக்கிளில் ஏறுகிறவன் நான், வயது 41. மார்கழியில் பத்தாவது கொண்டை ஊசி வளைவு வரை துடிப்பு 150ஐத் தாண்டாது. சித்திரை பிறந்ததிலிருந்து அதே கியர், அதே வேகம், ஐந்தாவது வளைவிலேயே 170. காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறேன். தூக்கம் சரியாகத்தான் இருக்கிறது, கால் வலியும் இல்லை. காரணம் வெயிலா, நானா?

கன்னங்குறிச்சி ஓட்டம்:
வெயில்தான் அண்ணா, கவலைப்படாதீங்க. நாம் செலவழிக்கும் சக்தியில் கால் பங்குகூட முழுசாகப் பெடலுக்குப் போவதில்லை, மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டைத் தோலுக்குக் கொண்டுபோக ரத்தம் வேண்டும். தொடைக்கும் அதே ரத்தம்தான். வியர்க்க வியர்க்க ரத்தத்தில் நீர் குறைந்து, ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் அளவும் குறைகிறது. அதை ஈடுகட்டத்தான் இதயம் வேகமாக அடிக்கிறது.

1997ல் வெளிவந்த கேலோவே, மாஹன் ஆய்வைப் பாருங்கள். ஒரே கடுமையில் சைக்கிள் மிதித்தவர்கள் 11 டிகிரியில் சராசரியாக 93 நிமிடம் தாங்கினார்கள். 31 டிகிரியில் 51 நிமிடம்தான். நம்ம ஊர் சித்திரைக்கு 31 என்பது குளிர்ச்சியான காலை!

மலையில் இன்னொரு சங்கதியும் உண்டு. சமவெளியில் 28 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றே வியர்வையை உலர்த்திவிடும். வளைவுகளில் 9, 10க்கு மேல் போக முடியாது, உழைப்போ அதைவிட அதிகம். மூக்கு நுனியிலிருந்து ஹேண்டில்பாரில் சொட்டும் வியர்வையால் உடம்பு குளிராது, தோலிலேயே ஆவியானால்தான் குளிரும். அதனால் வேகத்தை விட்டுவிட்டுத் துடிப்பைப் பார்த்து மிதியுங்கள். 150 தாண்டினால் கியரைக் குறையுங்கள், நேரம் கூடினால் கூடட்டும்.

கோரிமேடு அக்கா:
முதலில் அந்த எட்டு மணியை மாற்றுங்க தம்பி. விடிந்ததும் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பாதி மலை முடிந்துவிடும். ஏற்காடு 1500 மீட்டர் உயரம், சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவு, அதனால்தான் மேலே போனதும் உடம்பு தெளிகிறது.

உடம்பு வெயிலுக்குப் பழகவும் செய்யும். பத்துப் பதினாலு நாள் தினமும் கொஞ்ச நேரம் சூட்டில் லேசாக மிதித்தாலே ரத்தத்தில் நீர் கூடும், சீக்கிரமே வியர்க்கும், வியர்வையில் உப்பும் குறையும். ஏசி அறையில் டிரெய்னரை (நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்க உதவும் கருவி) மட்டும் மிதித்தால் இது வராது.

அஸ்தம்பட்டி சைக்கிள்:
ரொம்ப நன்றி. அப்புறம் தண்ணீர் எவ்வளவு குடிக்கணும்?

கோரிமேடு அக்கா:
ஆளுக்கு ஆள் மாறும். ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் எடை பாருங்க. ஒரு கிலோ குறைந்திருந்தால் குடித்ததற்கு மேல் ஒரு லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள், அதுவும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது.

கூட வருகிறவர் பேச்சு குழறினாலோ, தள்ளாடினாலோ, வியர்வை கொட்டிக்கொண்டிருந்தாலும் சும்மா விடாதீங்க. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்க.