பட்டு வேட்டியின் வாசம்

என் மகனுக்கு ஜி6பிடி குறைபாடு இருக்கிறது என்று அவன் பிறந்த சில நாள்களிலேயே சொல்லிவிட்டார்கள். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்வது 1965இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஒரு நொதி அவனுக்குப் போதிய அளவு இல்லை என்றும், சில பொருள்களோடு தொடர்பு ஏற்பட்டால் சிவப்பணுக்கள் கூட்டங்கூட்டமாக உடைந்துவிடும் என்றும் தாதி பொறுமையாக விளக்கினார். சில மருந்துகள், ஃபேவா அவரை, சில சீன மூலிகைகள், மோத்பால் என்று அவர் விரல்விட்டு எண்ணியது இன்னும் கண்ணில் நிற்கிறது. குழந்தை நீல விளக்கின் கீழ்க் கிடந்த அந்த வாரத்தில் அந்தப் பட்டியலை மந்திரம்போல் மனப்பாடம் செய்திருந்தேன்.

பிறகு ஆறு ஆண்டுகள் அவனுக்கு ஒன்றுமே வரவில்லை. சளி, காய்ச்சல் என்று பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது மட்டும் மருத்துவரிடம் சொல்வேன். தொடக்கநிலை 1இல் சேர்த்தபோது பள்ளிக்குக் கொடுத்த படிவத்தில் உடல்நலக் குறைபாடு பற்றிக் கேட்டிருந்த கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். மறந்து எழுதினேன் என்று பிறரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை அன்று. இந்தக் குறைபாடு எக்ஸ் குரோமோசோமின் வழியே வருவது. மகன்களுக்குத் தாயிடமிருந்துதான் வரும். இந்தியர்களிடையே இது சீனர்களையும் மலாய்க்காரர்களையும் விடக் குறைவாகவே காணப்படுகிறது என்று அறிந்தபோது, அந்தக் குறைவான சிலரில் நான் ஏன் இருக்க வேண்டும் என்று மனம் குமைந்தது. கணவருக்குத் தெரியும். அவர் வீட்டாரில் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. பெண் வழியாக வந்த குறை என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தாங்க மாட்டேன் என்று பயந்தேன்.

2023 ஜூலையில் கும்பகோணத்திலிருந்து அத்தை, என் கணவரின் அம்மா, வந்தார். இன நல்லிணக்க நாளுக்குப் பிள்ளைகள் பாரம்பரிய உடையில் வர வேண்டும் என்று பள்ளியிலிருந்து தகவல் வந்திருந்ததை நான் தொலைபேசியில் சொன்னதிலிருந்தே அவருக்கு ஒரே உற்சாகம். என் கணவர் சிறுவனாக இருந்தபோது சித்தப்பா கல்யாணத்துக்குக் கட்டிய சின்னப் பட்டு வேட்டியை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். திங்கட்கிழமை மாலை அதைப் பிரித்ததும் வீடெங்கும் அந்த வாசம் பரவியது. கல்யாணப் புடவை, பாட்டி வீட்டு பீரோ, திருவிழா என்று எத்தனையோ நினைவுகளைக் கிளறும் வாசம். மடிப்புக்குள்ளிருந்து கரைந்து சிறுத்துப்போன இரண்டு பாச்சை உருண்டைகள் விழுந்தன. அவற்றைக் குப்பைத் தொட்டியில் போட்டது என் கைதான். தாதி மோத்பால் என்று சொன்னதும் அத்தை பாச்சை உருண்டை என்று சொல்வதும் ஒரே பொருள் என்பது எனக்குத் தெரியாததன்று. ஆனால் ஒரு சொல் மருத்துவமனையோடும் இன்னொரு சொல் பாட்டி வீட்டோடும் ஒட்டிக்கொண்டிருந்ததால், கையில் எடுத்த அந்த நொடியில் ஒன்று மற்றொன்றை நினைவூட்டவில்லை.

மகனுக்கு அந்த வேட்டி அப்படிப் பிடித்துப்போயிற்று. அப்பா கட்டியது என்பதால் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினான். மாலையில் அதைச் சுற்றிக்கொண்டு வரவேற்பறையில் நடந்து பழகினான். வெள்ளிக்கிழமை, 21ஆம் தேதி காலையில், மைலோவை அப்படியே வைத்துவிட்டு, “அம்மா, ஒண்ணுக்குத் தே ஓ மாதிரி போகுது” என்றான். பால் கலக்காத தேநீரைத்தான் அவன் சொன்னான். “தண்ணி நிறையக் குடி” என்று சொல்லிவிட்டு அவன் தலையை வாரினேன்.

உடை கட்டிவிட உதவும் பெற்றோரில் ஒருத்தியாக அன்று நானும் பள்ளிக்குப் போயிருந்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு மலாய்த் தாய், பாஜு மெலாயு அணிந்த பையன்களுக்குச் சம்பிங் கட்டிக்கொண்டிருந்தார். நான் மகனின் வேட்டியை அவிழ்த்து மறுபடி கட்டும்போது அவர் சட்டெனத் திரும்பி மூக்கைச் சுளித்தார். இந்தத் துணியில் மோத்பால் வைத்திருந்தீர்களா, இந்தப் பையனுக்கு ஜி6பிடி இல்லைதானே என்று ஒரே மூச்சில் கேட்டார். தம் மகனுக்கு இருப்பதால் இந்த வாசம் எங்கே வந்தாலும் கேட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது, தவறாக நினைக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. மகனைச் சன்னல் பக்கம் இழுத்துக் கீழிமையை விரலால் தாழ்த்திப் பார்த்தேன். உட்பக்கம் சிவப்பே இல்லாமல் வெளுத்திருந்தது. விழியின் வெண்மையில் மஞ்சள் ஏறியிருந்தது. காலையில் இதே முகத்துக்கு முன்னால் நின்றுதான் பவுடர் போட்டுவிட்டேன். ஆசிரியர் ஒரு சொல்லும் கேட்காமல் விளையாட்டு உடையைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தாய் அவன் கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். வாடகை வண்டியில் மருத்துவமனைக்குப் போகும்போது அவன் என் மடியில் தூங்கிவிட்டான். தூக்கந்தானா என்று வழிநெடுக அவனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஹீமோகுளோபின் 7.6 என்று சோதனை சொன்னது. இரண்டு இரவுகள் வைத்துக்கொண்டு நரம்பு வழியே நீர் ஏற்றினார்கள். மணிக்கணக்குப் பார்த்து இரத்தம் எடுத்தார்கள். இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம் என்று எங்களிடம் கையொப்பமும் வாங்கி வைத்தார்கள். தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுநீரின் நிறம் வெளுத்திருக்கிறது என்று தாதி சொன்ன பிறகுதான் எனக்குப் பசித்தது.

அந்தத் தாயின் பெயர் அன்றைய பட்டியலில் இல்லை என்பது பின்னர்தான் தெரிந்தது. வர வேண்டியிருந்தவருக்குக் காய்ச்சல் வந்ததால் அதற்கு முந்தைய இரவு இவரை அழைத்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் உடல் சிலிர்க்கிறது. கோவிலில் கண்மூடி நிற்கும்போது அவர் முகம்தான் முதலில் வருகிறது. தெய்வச் செயல் என்று அத்தை சொல்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அந்தத் தாய்க்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்திருந்ததே, அதற்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. பிறந்த குழந்தைகள் கடும் மஞ்சள் காமாலையால் மூளை பாதிக்கப்பட்டு இறந்துகொண்டிருந்த காலம் ஒன்று இந்த ஊரில் இருந்தது. அதற்கும் இந்தக் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் குழந்தை மருத்துவர் பேராசிரியர் வோங் ஹோக் பூன். எல்லாக் குழந்தைகளையும் சோதிப்பது என்ற முடிவு அந்த ஆய்வுகளின் வழியே வந்தது. என்னிடம் விரல்விட்டு எண்ணியதைப் போல ஏதோ ஒரு தாதி அந்தத் தாயிடமும் எண்ணியிருப்பார். அவர் அதைப் பிறருடைய பிள்ளைகளுக்காகவும் நினைவில் வைத்திருந்தார். நான் என் பிள்ளைக்கே வைத்திருக்கவில்லை.

மருத்துவமனையில் அத்தை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, “என் கையாலேயே கொண்டாந்து குடுத்துட்டேனே” என்று அழுதபோது, அந்த வலியை அவருக்குக் கொடுத்தவள் நான் என்று உணர்ந்தேன். அவரிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் அந்தப் பெட்டியை அவர் திறந்தே இருக்க மாட்டார். அன்றிரவு எல்லாவற்றையும் சொன்னேன், அது என் வழியாக வந்தது என்பதையும் சேர்த்து. அத்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “பிள்ளைய குடுத்தவளும் நீதானடி கண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டு, பேரனின் காலைப் பிடித்துவிடத் தொடங்கினார்.

திங்கட்கிழமை பள்ளி அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தைத் திருத்தினேன். வகுப்பாசிரியரிடமும் தாய்மொழி ஆசிரியரிடமும் விலக்க வேண்டியவற்றை எழுதிக் கொடுத்தேன், தமிழ்ப் பெயர்களையும் சேர்த்து: பாச்சை உருண்டை, அந்துருண்டை, ரசகற்பூரம்.

அடுத்த ஆண்டும் அத்தை ஜூலையில்தான் வந்தார். பட்டு வேட்டி ஊரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, தேக்காவில் புதிதாக ஒன்று வாங்கப் போனோம். கடைக்காரர் உள்ளறையிலிருந்து எடுத்துவந்த வேட்டியை அத்தை முழுவதும் பிரித்து, கரை, மடிப்பு என்று ஒவ்வோர் இடமாக முகர்ந்து பார்த்தார். கடைக்காரர் விழிப்பதைக் கண்டதும் நிமிர்ந்து, “பாச்சை உருண்டை போட்டு வெச்சதா தம்பி? எங்க பேரனுக்கு ஆகாது. ரத்தத்துல ஒரு குறை, பொறந்ததுலேர்ந்து இருக்கு” என்று கடையிலிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.