லேத்தில் விழும் சுருள் ஸ்கிராப்பா, இல்லையா?

உருக்குமணி:
நேற்று சொல்லேர் ஐயா வேறொரு இழையில் எழுதியதை அப்படியே இங்கே போடுகிறேன். "ஸ்கிராப் என்றால் பயன்படுத்தித் தேய்ந்தபின் தூக்கிப்போட்ட உலோகம் மட்டுமே. லேத்தில் விழும் சுருளை ஸ்கிராப் என்பது அறியாமை. அதற்கு ஸ்வார்ஃப் என்று தனிச்சொல் உண்டு." இதைப் படிச்சதிலிருந்து வயிறு எரியுது. இருபத்திரண்டு வருஷமா லேத்தில், அதாவது உலோகம் கடையுற மெஷினில், நிற்கிறவன் நான். சூடு தணிக்கிற கூலன்ட் விடாம வேகமா ஓட்டினா டூல் முனையிலிருந்து நீலம் பாரிச்ச சுருள் முழம் முழமா இறங்கும். கையால் இழுத்தா தோலை உரிச்சிடும், அதனால கொக்கி போட்டு இழுத்து டிரம்மில் தள்ளுவோம். அந்த டிரம் மேலே பெயின்ட்டில் எழுதியிருக்கிற வார்த்தை "ஸ்கிராப்". அறியாமை எனக்கா, டிரம்முக்கா?

சொல்லேர்:
டிரம்மில் எழுதியதெல்லாம் அகராதி ஆகிவிடாது நண்பரே. சுருள் எப்போது பயன்பட்டது? எதில் பயன்பட்டது? பயன்படாத ஒன்று எப்படித் தேயும்? தேயாத ஒன்று எப்படி ஸ்கிராப் ஆகும்? ஸ்வார்ஃப் என்ற சொல் பழைய நார்ஸ் மொழியில் அரத்தூளைக் குறித்தது. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டுவது தொழில் பழக்கமாக இருக்கலாம், மொழிப் பழக்கம் ஆகாது.

சுங்கக்கணக்கன்:
சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன், முடியவில்லை. சரக்குகளுக்கு எண் கொடுக்கும் உலகச் சுங்க அமைப்பின் ஹெச்எஸ் பட்டியலில் இரும்பு, எஃகு ஸ்கிராப்புக்குத் தலைப்பு 7204. அதற்குள் 7204.41 என்று ஓர் உட்தலைப்பு. அதில் முதலில் வருவதே டர்னிங்ஸ், அதாவது லேத் சுருள். பிறகு சீவல், அரத்தூள், பிரஸ்ஸில் வெட்டி மிஞ்சிய துண்டு எல்லாம். கப்பலில் போகும் சாதா எஃகுச் சுருளுக்கு இந்த எண்தான். வேறு எண் போட்டுப் பாருங்கள், சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும்.

சொல்லேர்:
7204இன் தலைப்பை முழுதாகச் சொல்ல மனம் வரவில்லையோ? "வேஸ்ட் அண்டு ஸ்கிராப்". இரண்டு சொற்கள். சுருள் வேஸ்ட், மற்றது ஸ்கிராப். என் கட்சிக்குச் சாட்சி சொன்னதற்கு நன்றி.

சுங்கக்கணக்கன்:
அந்தப் பிரிவுக் குறிப்பில் இரண்டையும் சேர்த்தே விளக்கியிருக்கிறார்கள். எல்லா உலோகக் கழிவும் ஸ்கிராப்பும் ஒரு பக்கம். உடைந்தோ, வெட்டுப்பட்டோ, தேய்ந்தோ அப்படியே பயன்படுத்த முடியாமல் போன பொருள்கள் இன்னொரு பக்கம். சுருள் வேஸ்ட், மற்றது ஸ்கிராப் என்று எங்கேயும் பிரிக்கவில்லை.

சொல்லேர்:
"தேய்ந்தோ." உங்கள் கையாலேயே எழுதிவிட்டீர்கள். சுருள் தேய்ந்ததா?

உருக்குமணி:
தேய்ஞ்சதா தேய்ஞ்சதான்னு கேட்கிறீங்களே, இதுக்குப் பதில் சொல்லுங்க. போர், அதாவது பீஸில் போடுற துளை, 25.02 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பையன் 25.05 ஆக்கிட்டான். போர் சின்னதா இருந்தா ரீவொர்க் பண்ணலாம், பெரிசாயிட்டா பீஸ் போச்சு. இன்ஸ்பெக்‌ஷன்காரர் சிவப்பு பெயின்ட் அடிச்சு "ஸ்கிராப்"னு ஓரமா வைப்பார். புத்தம் புது பீஸ். ஒரு நாள்கூட எந்த மெஷினிலும் மாட்டினதில்லை. இது தேய்ஞ்சதா? இப்படி எத்தனை ஸ்கிராப்புகள் பார்த்திருக்கேன் தெரியுமா?

சொல்லேர்:
முதலில், "ஸ்கிராப்புகள்" என்பதே பிழை. உலோகத்தைக் குறிக்கும்போது ஆங்கிலத்தில் அது ஒருமைதான். ஸ்கிராப்ஸ் என்றால் தட்டில் மிஞ்சியதும் துண்டுக் காகிதமும். இந்த அடிப்படை தெரியாமல் விவாதத்துக்கு வருவது வேடிக்கை. அடுத்து, பீஸை ஸ்கிராப் செய்தார்கள் என்பது வினைச்சொல். நான் பேசுவது பெயர்ச்சொல்.

உருக்குமணி:
நான் எழுதினது தமிழ் "கள்" ஐயா! பஸ்ஸுகள்னு எழுதினா அதுக்கும் இங்கிலீஷ் இலக்கணம் பார்ப்பீங்களா?

தீப்பொறி:
அண்ணே, நடுவுல ஒரு சந்தேகம். நாங்க வெல்டிங் முடிச்சதும் சுத்தியலால தட்டி எடுக்கிற ஸ்லாகும் ஸ்கிராப்தானே?

உருக்குமணி:
தம்பி, நீ வேற. அது வெல்டிங் ராடு மேல பூசியிருக்கிற ஃப்ளக்ஸ் உருகி உறைஞ்ச கசடு, உலோகமே இல்லை.

சுங்கக்கணக்கன்:
உருக்காலைக் கசடுகூட இரும்பு, எஃகுக்கான 72ஆம் அத்தியாயத்தில் வராது. 2618, 2619 என்று தாதுக்கள் அத்தியாயத்தில் தனியாக இருக்கிறது.

சொல்லேர்:
பார்த்தீர்களா, கசடுக்குத் தனிச்சொல் என்றதும் எல்லோரும் ஒப்புக்கொள்கிறீர்கள். சுருளுக்குத் தனிச்சொல் என்றால் மட்டும் வயிறு எரிகிறது.

உலைக்காரன்:
உலைப்பக்கம் இருந்து சொல்றேன். எங்களுக்கு ஸ்கிராப் மூணு வகை. ஆலைக்குள்ளேயே வெட்டி மிஞ்சினது ஹோம் ஸ்கிராப். பொருள் செய்யற இடத்துல மிஞ்சி உடனே வர்றது ப்ராம்ப்ட் ஸ்கிராப், சுருள் இதுல சேர்த்தி. உழைச்சு ஓய்ஞ்சு வர்றது ஆப்சலீட் ஸ்கிராப். சொல்லேர் சொல்றது மூணாவது மட்டும். அதுலதான் எங்களுக்குத் தலைவலியே. மோட்டார், வயர்னு செம்பு கலந்து வந்துடும். இரும்போட செம்பு உருகிக் கலந்தா உலையில பிரிக்க வழியில்லை, சூடா உருட்டித் தட்டையாக்குற ரோலிங்ல வெடிப்பு விடும். சுருள்ல வேற தொல்லை. எண்ணெய் ஊறியிருந்தா புகை, மெலிசா இருக்கிறதால பாதி ஆக்சைடா போயிடும். அமுக்கிக் கட்டியாக்கித்தான் போடுவோம். ஆனா பில்லுல எழுதறது ஸ்கிராப்னுதான்.

சொல்லேர்:
ஹோம் ஸ்கிராப், ப்ராம்ப்ட் ஸ்கிராப் என்று அடைமொழி ஏன் தேவைப்படுகிறது? வெறும் ஸ்கிராப் என்றால் அதைக் குறிக்காது என்பதால்தான்! மரக்குதிரை என்கிறோம், அதற்காக அது புல் தின்னுமா? மறுபடியும் கேட்கிறேன், யாரும் பதில் சொல்லவில்லை. சுருள் எப்போது பயன்பட்டது?

உருக்குமணி:
அப்படின்னா ஆப்சலீட்டும் அடைமொழிதானே ஐயா, உங்க குதிரையும் மரம்தான். வேர்ச்சொல் பத்திப் பெருசா பேசினீங்களே, ஸ்கிராப்போட வேரும் அதே பழைய நார்ஸ்தான், ஸ்க்ராபா, சுரண்டுறது. சுரண்டினா விழறது என்ன? சுருள்! உங்க கணக்குப்படி பார்த்தா சுருள்தான் முதல் ஸ்கிராப், பழைய பைப்பெல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது.

சொல்லேர்:
வேர்ச்சொல்லை வைத்து இன்றைய பொருளைத் தீர்மானிப்பது சிறுபிள்ளைத்தனம்.

உருக்குமணி:
ஸ்வார்ஃபுக்கு நார்ஸ் பார்த்தது யாரு? எங்க வீட்டுப் பையனா?

தீப்பொறி:
ஹா ஹா, டிரம்முல "ஸ்வார்ஃப்"னு எழுதிட்டா பிரச்சினை முடிஞ்சது.

சொல்லேர்:
சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். போன மாதம் பித்தளை இழையிலும் இதே கூட்டம்தான் என்னை மறித்தது. மனத்தில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

உருக்குமணி:
மறிக்காம? வெண்கலம்னா செம்பும் துத்தநாகமும்னு எழுதினீங்க. அது பித்தளை. வெண்கலத்துக்கு வெள்ளீயம். இன்னிக்கு வரைக்கும் அதைத் திருத்தலை.

சொல்லேர்:
தலைப்பை மாற்ற வேண்டாம். சில வெண்கலங்களில் துத்தநாகமும் உண்டு. இங்கே என் கேள்வி ஒன்றே ஒன்று: சுருள் பயன்பட்டதா? ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

உருக்குமணி:
சொல்றேன். முதல்ல பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் வித்தியாசம் தெரியாம எழுதினீங்களா? ஆம், இல்லை, ஒரே சொல்லில்.