முதல் வரைவிலேயே திருத்திக்கொண்டு போகலாமா?

ஆயர்ஈத்தாம்_பையன்:
வணக்கம். ஒரு சிறுகதைப் போட்டிக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலத்தில், தோட்டத்திலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன ஒரு தாத்தாவின் கதை. முதல் பத்தி சரியாக அமைந்தால்தான் எனக்கு அடுத்ததுக்குப் போக மனம் வருகிறது, அதனால் ஆரம்பத்தையே அடித்து அடித்து எழுதுகிறேன், கதை நகர மாட்டேன் என்கிறது. நீங்கள் எல்லாம் கரடுமுரடாக ஒரு தடவை எழுதி முடித்துவிட்டு அப்புறம்தான் திருத்துவீர்களா?

செந்தூல்காரி:
முதலில் முடியுங்கள் தம்பி, எவ்வளவு மோசமாக வந்தாலும் பரவாயில்லை. கதை யாருடையது என்பதே கடைசிப் பக்கம் வரை போனால்தான் தெரியும். தாத்தா கதை என்று தொடங்குவீர்கள், போகப் போக, தோட்டத்தில் பிள்ளைகளுக்கு மரவள்ளிக்கிழங்கை அவித்துப் போட்டுக் காத்துக் கிடந்த பாட்டி முன்னால் வந்து நிற்பார். அப்போது நீங்கள் இழைத்து இழைத்து வைத்த அந்த முதல் பத்தி தேவைப்படாமலே போகலாம். ஆனால் அவ்வளவு உழைத்த பிறகு அதை வெட்ட யாருக்குக் கை வரும்? கதையை அந்தப் பத்திக்கு ஏற்ப வளைக்கத்தான் பார்ப்போம்.

இன்னொன்று, தெரியாத விவரம் குறுக்கே வந்தால் நிற்காதீர்கள், கோடு போட்டு இடம் விட்டுவிட்டுப் போங்கள். 1942, 43இல் போட்ட பாதை, சயாமில் (இன்றைய தாய்லாந்து) பான் போங்கிலிருந்து பர்மாவில் தான்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர், இதெல்லாம் பிறகு தேடினாலும் கிடைக்கும். திரும்பி வந்த மனுசனைப் பாட்டிக்கு உடனே அடையாளம் தெரிந்ததா என்பது தேடினால் கிடைக்காது, எழுதித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
அக்கா சொல்வதில் பாதிதான் எனக்கு ஒத்துவரும். கதையை யார் சொல்கிறார் என்ற குரல் பிடிபடாமல் ஓடினால் வரைவு முழுக்கக் கட்டுரை வாடை அடிக்கும், அதைப் பிறகு வரிவரியாக எடுப்பது பெரிய வேலை. குரல் கிடைக்கும் வரை முதல் பக்கத்தோடு மல்லுக்கட்டலாம், தப்பில்லை. கிடைத்ததும் திரும்பிப் பார்க்காமல் ஓடுங்கள். கைப்பேசியில் தட்டாமல் பள்ளிக்கூட நோட்டில் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதிப் பாருங்கள். அழித்தால் போய்விடும், அடித்தால் அடியில் தெரியும். வேண்டாம் என்று அடித்த சொல்தான் பல நேரம் சரியான சொல்லாக இருக்கும்.

ஆயர்ஈத்தாம்_பையன்:
ரொம்ப நன்றி. பேரன் சொல்வதாக வைத்திருந்தேன், பாட்டியே சொன்னால் என்ன என்று இப்போது தோன்றுகிறது. முடித்ததும் சத்தமாகப் படித்துப் பார்க்கலாமா?

செந்தூல்காரி:
பாட்டியே சொல்லட்டும்! சத்தமாகப் படிப்பதை மட்டும் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், நாக்கு தடுக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டால் போதும், அங்கேயே உட்கார்ந்து திருத்த வேண்டாம். போட்டிக்குக் கடைசித் தேதி என்ன?